சிஸ்ஸா, டிரான்ஸா: மாலிப்டினம் கார்பனைல் பாஸ்பீன் படிகத்தை வளர்த்துச் சரிபார்த்தல்

மாலிப்டினம் என்ற உலோகத்தோடு நான்கு கார்பனைலும் (CO) இரண்டு டிரைஃபீனைல்பாஸ்பீனும் சேர்ந்த அணைவுக்கு, பாஸ்பீன்கள் அடுத்தடுத்து இருக்கும் சிஸ், எதிரெதிரே இருக்கும் டிரான்ஸ் என இரண்டு வடிவங்கள் உண்டு. எக்ஸ்-கதிர் சிதறலில் எந்த வடிவம் என்று உறுதிசெய்ய நல்ல படிகம் வேண்டும். சிஸ் வடிவத்தை டொலுவீனில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் டிரான்ஸாக மாறிவிடும். அதனால் சூடாகக் கரைத்து ஆறவிடும் வழக்கமான முறை சிஸ்ஸுக்கு ஒத்துவராது. அறை வெப்பநிலையில், கரைசலின் மேல் பொருள் கரையாத கரைப்பானை மெதுவாக ஊற்றும் அடுக்கு முறையே நல்லது.

முதலில் அகச்சிவப்பு நிறமாலை எடுங்கள். சிஸ்ஸில் நான்கு கார்பனைல் பட்டைகள், அவற்றில் ஒன்று 2020 செ.மீ.⁻¹ அருகே; டிரான்ஸில் 1890 அருகே ஒரே வலுவான பட்டை. இரண்டும் கலந்திருந்தால் தூய்மைப்படுத்தாமல் படிகம் வளர்க்க உட்காராதீர்கள்.

10 மி.கி. பொருளை, நைட்ரஜன் ஓட்டி ஆக்சிஜன் நீக்கிய 0.5 மி.லி. டைகுளோரோமீத்தேனில் கரைத்து, கண்ணாடி இழை வடிகட்டி வழியாக என்.எம்.ஆர். குழாயில் இறக்குங்கள். தூசி தங்கினால் ஒவ்வொரு துகளிலும் ஒரு படிகம் தொடங்கி, கடைசியில் தூள்தான் மிஞ்சும். மேலே டைகுளோரோமீத்தேனும் ஹெக்சேனும் சமமாகக் கலந்த 0.2 மி.லி., அதன்மேல் 1.2 மி.லி. ஹெக்சேன், குழாய்ச் சுவரோரமாக மெதுவாக. மூடி, அலுமினியத் தாள் சுற்றி அசைக்காமல் வையுங்கள். ஒளி பட்டால் கார்பனைல் கழன்றுபோகும்.

எங்கே வைப்பது என்பதுதான் சிங்கப்பூரில் பெரிய கேள்வி. இரவில் ஏர்கான் அணையும் அறையானால் தினமும் வெப்பநிலை ஏறி இறங்கும். சிறு படிகங்கள் கரைந்து, மீண்டும் கோணலாக வளரும். இரவும் பகலும் ஒரே குளிரில் இருக்கும் கருவி அறையே சிறந்தது. குளிர்பெட்டியில் வைத்தால், எடுத்தவுடன் திறக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படிந்து உள்ளே இறங்கும்.

0.1 முதல் 0.3 மி.மீ. வரையுள்ள தெளிந்த, வெளிர்மஞ்சள் படிகத்தைத் தேர்ந்தெடுங்கள். நிறமே இல்லாத படிகம் என்றால் பாஸ்பீன் ஆக்சைடு என்று சந்தேகிக்கலாம். முழு எக்ஸ்-கதிர் தரவு எடுக்குமுன், படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறிய பெட்டியான அலகுக் கூட்டின் அளவைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் ஒரு நாள் மிச்சமாகும். தாய்க்கரைசலிலிருந்து நேராக எண்ணெய்க்குள் மாற்றுங்கள். படிகத்துக்குள் கரைப்பான் இருந்தால், காற்றில் விட்டதும் அது வெளியேறி வெண்மையாகிவிடும். 100 கெல்வின் நைட்ரஜன் ஓட்டத்தில் பனி படிந்தால் 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் சிதறல் படத்தில் வளையங்கள் தெரியும். அப்போது நைட்ரஜன் வரும் முனையின் சீரமைப்பையும் எண்ணெயின் அளவையும் பாருங்கள். பெரும்பாலும் எண்ணெய் அதிகமாக இருக்கும்.

அமைப்பு கிடைத்ததும் எண்களைப் பாருங்கள். சிஸ்ஸில் மாலிப்டினம்–பாஸ்பரஸ் நீளம் சுமார் 2.58 ஆங்ஸ்ட்ராம், பாஸ்பரஸ்களுக்கிடையே கோணம் ஏறக்குறைய 105 டிகிரி. பருத்த இரண்டு பாஸ்பீன்களும் ஒன்றையொன்று தள்ளுவதால் 90-ஐத் தாண்டுகிறது. டிரான்ஸில் நீளம் 2.50 அளவுக்குக் குறையும். சிஸ்ஸில் பாஸ்பரஸுக்கு எதிரே உள்ள கார்பனைலின் உலோகப் பிணைப்பு மற்றவற்றைவிடச் சிறிது குட்டை. உலோகம் கார்பனைலுக்கு எலக்ட்ரானைத் திருப்பித் தரும் பின்கொடைக்கு அங்கே போட்டி குறைவு என்பதே காரணம்.

கார்பன்–ஆக்சிஜன் நீளம் 1.13–1.16 ஆங்ஸ்ட்ராமுக்கு வெளியே போனால் ஒழுங்கின்மையை, அதாவது ஒரே இடத்தில் வெவ்வேறு அணுக்கள் மாறி மாறி இருப்பதை, தேடுங்கள். வாஸ்கா அணைவு என்ற இரிடியம் சேர்மத்தில் கார்பனைலும் குளோரினும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வது பிரபலமான உதாரணம். ஆனால் உலோகம்–கார்பன் பிணைப்பில் வரும் லேசான ஹிர்ஷ்ஃபெல்ட் எச்சரிக்கை (பிணைந்த இரண்டு அணுக்களின் அதிர்வு பொருந்தவில்லை என்று சரிபார்ப்பு நிரல் சொல்வது) கார்பனைல்களில் சகஜம். கனமான உலோகமும் இலேசான கார்பனும் ஒரேபோல அதிராது. அதை மறைக்க அணுக்களின் அதிர்வுக்குச் செயற்கையாகக் கட்டுப்பாடு போட வேண்டாம்.