மாமரத்தடியில் புல் பிடிக்க வைத்தது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முன்பக்கம் முழுக்க கிக்குயு புல்தான், கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்து ஜாதி, வெயில் விழுகிற இடத்தில் பிள்ளைகள் பந்து விளையாடி மிதித்தாலும் சீக்கிரமே எழுந்துவிடும். மாமரத்தடியில் மட்டும் மொட்டைத் தரை. மழை பெய்தால் சேறு வாசற்படி வரைக்கும் வரும். நிழலில் கிக்குயு நிற்காது, எவ்வளவு உரம் போட்டாலும் வீண். அருகம்புல் வைக்கலாமே, பிள்ளையாருக்கும் ஆகும் என்றார் அம்மா. தண்ணீரும் குறைவாகப் போதும்தான், ஆனால் அதுவும் வெயில் கேட்கிற புல்.

அதனால் எல்.எம். புல் நட்டேன் (எல்.எம். என்றால் லொரென்சோ மார்க்கஸ், மொசாம்பிக்கின் மாபுட்டோ நகரின் பழைய பெயர்). மொசாம்பிக்கிலிருந்து டர்பன் வரை கரையோரத்தில் தானாகவே வளர்வது, நிழல் தாங்கும், மணல் மண்ணிலும் வரும், அடிக்கடி வெட்ட வேண்டாம். செப்டம்பர் கடைசியில் மண்ணை மேலாகக் கொத்தி (ஆழமாகப் போனால் மரத்தின் வேர் அறுபடும்), ஓடுதண்டுகளை அரைச் சாண் இடைவெளியில், கணு மண்ணுக்குள் போகும்படி புதைத்து, இலை நுனியை மட்டும் வெளியே விட்டு, தினமும் நனைத்தேன். கணுவில் வெள்ளை வேர் விட்டதும் தண்ணீரைக் குறைத்தேன். கிறிஸ்துமஸுக்குள் தரை மூடிவிட்டது.

குறையும் உண்டு. ஆள் நடமாட்டம் அதிகமானால் தாங்காது, அதனால் கேட்டுக்குப் போகும் வழியில் கல் பதித்தேன். அப்புறம் கிக்குயு எல்லை தாண்டி ஊர்ந்து வரும், ஓரத்தை மண்வெட்டியால் நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இருக்கிறவர்கள் எல்.எம். புல்லை வைக்காதீர்கள், உறைபனியில் கருகிவிடும்.