சேனைக்கு முன்னே சீம்பால்

செட்டிநாட்டுப் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதனால் தாய்ப்பால் பற்றிக் கர்ப்பிணியிடம் மட்டும் பேசிப் பயனில்லை. ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போதே அம்மாவையும் ஆயாவையும் (பாட்டியையும்) உட்காரவையுங்கள். சேனை வைப்பது, அதாவது பிறந்த பிள்ளை நாவில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைப்பது, பெரும்பாலும் அவர்கள் கைதான். "வேண்டாம் ஆச்சி" என்று மட்டும் சொன்னால் முகம் சுருங்கும். ஒரு தேக்கரண்டியைக் காட்டுங்கள்: முதல் நாள் பிள்ளை ஒரு தடவைக்குக் குடிப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். அதற்கு மஞ்சளாகச் சொட்டும் சீம்பாலே போதும். சர்க்கரைத் தண்ணீர் வயிற்றில் அதன் இடத்தை அடைத்துவிடும். பிறந்த 1 மணி நேரத்துக்குள் மார்பில் போடவேண்டும், சிசேரியன் ஆனாலும்.

காம்பு புண்ணாவதற்குப் பெரும்பாலும் பிடிப்புதான் காரணம். பிள்ளை நுனியை மட்டும் கவ்வுகிறது. வாய் அகலத் திறந்தபின், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பாகம் அதிகம் உள்ளே போகும்படி அணைக்கச் சொல்லுங்கள். தாடை மார்பில் படவேண்டும், கீழுதடு வெளியே மடங்கவேண்டும். வலித்தால் இழுக்கக்கூடாது, வாயோரம் சுத்தமான சுண்டுவிரலை நுழைத்து விடுவித்து, மறுபடி போடலாம்.

"பால் பத்தலை" என்ற பேச்சுக்கு ஈரத்துணிதான் பதில். 5ஆம் நாளுக்குப்பின் நாளுக்கு 6 தடவையாவது சிறுநீரில் துணி நனைந்து, பிள்ளை எடையும் ஏறினால் பால் போதுகிறது. பூண்டுக்குழம்பு தாய்க்கு நல்ல சாப்பாடுதான்; ஆனால் சுரப்பைக் கூட்டுவது நாளுக்கு 8–12 தடவை பிள்ளை உறிஞ்சுவது. சித்திரை வெயிலிலும் 6 மாதம்வரை பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாம்.