12 அடி அலுமினியப் போட் இரண்டு முன்னால் இருந்தால் எதை எடுப்பது?

போன வருடம் கச்சான் காற்று தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பழைய அலுமினியப் போட் ஒரே கிழமையில் விலைக்கு வந்தன. ஒன்று காத்தான்குடியில் ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), மற்றது வாழைச்சேனையில். இரண்டும் 12 அடி. மேலே அகலம் இரண்டுக்கும் நாலரை அடி. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. போட்டோவில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் ஃபைபர் போட்டும் தோணியும்தான் அதிகம். அவற்றைப் பற்றிக் கேட்டால் கரையில் நிற்கிற பத்துப் பேரும் சொல்வார்கள். அலுமினியம் என்றால் சொல்ல ஆள் குறைவு. நான் நாலு நாள் அலைந்து, ஒரு பெரிய பிழையும் விட்டுத்தான் இதைப் படித்தேன். முதல் தடவை வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தண்ணீரைத் தீர்மானியுங்கள்

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீட்டர் நீளம். பாலமீன்மடு முகத்துவாரத்திலும் பெரியகல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. கோடையில் கண்டல் ஓரங்களில் முழங்கால் அளவுதான் தண்ணீர் நிற்கும். மாரியில் வெள்ளத்தோடு ஆற்றுவாழை மிதந்து வரும். பின்னேரம் கச்சான் எழும்பினால் வவுணதீவுப் பக்கமிருந்து குட்டை அலை நெருக்கமாக வந்து அடிக்கும். இந்தத் தண்ணீருக்குத்தான் நான் போட் தேடினேன்: நண்டுக்கும் இறாலுக்கும், மூன்று பேருக்கு மேல் ஏறாத போட்.

முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிற எண்ணம் இருந்தால் இந்த இரண்டில் எதையும் எடுக்க வேண்டாம். மணல்திட்டில் அலை உடைகிற இடத்துக்கு 12 அடி அலுமினியத்தைக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது.

அளவு நாடாவைக் கீழே பிடியுங்கள்

விற்கிறவர் சொல்லும் அகலம் மேல் விளிம்பின் அகலம். போட் தண்ணீரில் நிற்பது அந்த அகலத்தில் இல்லை, அடியின் அகலத்தில். போட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, அடித்தகடும் பக்கத்தகடும் சேருகிற மூலையிலிருந்து மறு மூலைவரை, நடுப்பகுதியில் அளந்து பாருங்கள். காத்தான்குடிப் போட் 34 அங்குலம், வாழைச்சேனைப் போட் 42 அங்குலம். எட்டு அங்குலம் என்பது சின்ன விசயம் இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து நண்டுக்கூடு தூக்கும்போது அந்த எட்டு அங்குலம் காலடியில் தெரியும்.

அடியின் உருவத்தையும் பாருங்கள். முழுக்கத் தட்டையான அடி ஆழம் குறைந்த இடத்துக்கு நல்லது, ஆனால் கச்சான் அலையில் படார் படார் என்று அடித்து இடுப்பை வாங்கிவிடும். அணியத்திலிருந்து (போட்டின் முன்பக்கம்) பின்பக்கம்வரை கூராகவே போகிற அடி அலையை வெட்டும், ஆனால் நிற்கும்போது ஆடும். அணியத்தில் கூராகத் தொடங்கிப் பின்னால் வரவரத் தட்டையாகிற அடிதான் வாவிக்கு என் தெரிவு. வாழைச்சேனைப் போட் அந்த வகை.

பின்பலகையின் உயரம்: நான் விழுந்த இடம்

எஞ்சின் பூட்டுகிற பின்பலகை சின்னப் போட்டுகளில் பெரும்பாலும் இரண்டு உயரத்தில் வரும்: 15 அங்குலம் அல்லது 20 அங்குலம். அதற்கேற்றபடி எஞ்சினிலும் குட்டைக் கால், நீளக் கால் என்று இரண்டு உண்டு. மெக்கானிக் பாஸ்மார் ‘ஷோர்ட் ஷாஃப்ட்’, ‘லோங் ஷாஃப்ட்’ என்பார்கள்.

நான் பலகையின் ஓரத்தில் நாடாவை வைத்து அளந்தேன். 20 வந்தது. சந்தோசமாகப் போய் நீளக் கால் எஞ்சின் ஒன்றை எடுத்துவிட்டேன். நாவற்குடாவில் இறக்கிய முதல் நாளே ப்ரொப்பெல்லர் சேற்றை உழுதுகொண்டு போனது. பின்னால் தண்ணீர் மண்ணிறமாகக் கிளம்பியது, வேகமும் வரவில்லை. இறங்கிப் பார்த்தால் தண்ணீர் தொடைவரை இருந்தது. கரைக்கு வந்து திரும்ப அளந்தபோதுதான் விளங்கியது. எஞ்சின் உட்காருகிற நடுப்பகுதியை ஐந்து அங்குலம் தாழ்த்தி வெட்டியிருக்கிறார்கள், ஓரங்கள் உயர்ந்து நிற்கின்றன. எஞ்சின் உட்காருவது ஓரத்தில் இல்லையே!

ஆகவே, நாடாவின் நுனியை எஞ்சினின் கிளாம்ப் உட்காரும் நடு விளிம்பில் வையுங்கள். பலகை சாய்வாக இருக்கும், ஆனால் நாடா அந்தச் சாய்வோடு போகக் கூடாது. ஒரு நூலில் ஈயக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நேர் கீழாக அடிமட்டம்வரை அளக்க வேண்டும். 15க்குக் கிட்ட வந்தால் குட்டைக் கால், 20க்குக் கிட்ட வந்தால் நீளக் கால். எஞ்சினைப் பூட்டிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள். ப்ரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதல்லவா, அது போட்டின் அடிமட்டத்தோடு சரியாக, அல்லது மிஞ்சினால் ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும்.

பிழையைச் சரிக்கட்ட பலகைக்கு மேல் ஐந்து அங்குல மரக்கட்டை வைத்துப் பார்த்தேன். கைபிடி நெஞ்சுக்கு வந்தது, கட்டையும் அசைந்தது. அதைச் செய்யாதீர்கள். கடைசியில் உயரமான ஃபைபர் போட் வைத்திருந்த ஒரு மச்சானோடு எஞ்சினை மாற்றிக்கொண்டேன்.

தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள்

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க எல்லாரும் போட்டைத் தண்ணீரில் இறக்குவார்கள். நான் தண்ணீரைப் போட்டுக்குள் ஊற்றச் சொல்வேன். நாலைந்து மரக்கட்டையை நெருக்கமாக அடுக்கி அதன்மேல் போட்டை வையுங்கள். வெளிப்பக்கம் ரிவிட் (தகடுகளை இணைக்கிற ஆணி) வரிசையிலும் மடிப்பிலும் பள்ளிக்கூடச் சோக்கைத் தேயுங்கள். பிறகு உள்ளே மூன்று அங்குலம் ஊற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், அந்த மூன்று அங்குலமே 300 கிலோவுக்குக் கிட்ட வரும். அரை மணித்தியாலத்தில் கசிகிற இடத்தில் மட்டும் சோக் கருத்து நனையும். காத்தான்குடிப் போட்டில் பதினொரு இடம், மற்றதில் மூன்று. காக்கா பக்கத்திலேயே நின்று எண்ணினார், ஒன்றையும் மறைக்கவில்லை.

கசிவு சில இருந்தால் பயப்பட வேண்டாம். தளர்ந்த ரிவிட்டைத் திரும்ப அடிக்கலாம், மாற்றலாம். ஆனால் நடுவில் துளை உள்ள சாதாரண பொப் ரிவிட்டைத் தண்ணீருக்குக் கீழே போடாதீர்கள், அந்தத் துளையாலேயே நீர் வரும். மூடின தலை ரிவிட் கேளுங்கள். கசிவை அடைக்கப் பூசுகிற பசைகளில் சிக்காஃப்ளெக்ஸ் 291 எனக்குப் பிடித்தது. வினாகிரி மணம் வருகிற மலிவு சிலிக்கனைத் தொடவே வேண்டாம், அந்த அமிலம் அலுமினியத்தைத் தின்னும்.

வெல்டிங் போட்டா ரிவிட் போட்டா என்று கேட்டால், எங்கள் ஊருக்கு ரிவிட் என்பேன். அலுமினியத்தை ஒட்ட ஆர்கன் வாயு போகிற வெல்டிங் வேண்டும். கேற் செய்கிற வெல்டிங் கடையில் அது நடக்காது.

பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கும். ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். டக் டக் என்றால் நல்ல பலகை, பொத் பொத் என்றால் உக்கிவிட்டது. இருக்கைக்கு அடியில் வெள்ளை மாவு மாதிரி ஏதும் படிந்திருந்தால் சுரண்டுங்கள், கீழே குழி இருக்கும்.

பாரமும் எஞ்சினும்

இறக்குமதியான போட்டில் உள்ளே ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். வாழைச்சேனைப் போட்டில் 600 என்று இருந்தது. அது கிலோ இல்லை, இறாத்தல். 272 கிலோதான். மூன்று பேர் 210 கிலோ, இரண்டு ஸ்ட்ரோக் 15 எச்.பி. எஞ்சின் 37 கிலோவுக்குக் கிட்ட, 24 லீட்டர் பெற்றோல் 18 கிலோ. 265 ஆகிவிட்டது, ஐஸ் பெட்டிக்கு இடமில்லை. அதனால் நாங்கள் இரண்டு பேர்தான் போகிறோம். எத்தனை எச்.பி. தாங்கும் என்பதும் அந்தத் தகட்டில் இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். எஞ்சினில் என் விருப்பம் யமஹா. எங்கள் பக்கத்து பாஸ்மாருக்குக் கை பழகினது அதுதான்.

மீன்பிடிக்கப் பாவிப்பதென்றால் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பழைய போட் என்றால் முந்தின பதிவுப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, நான் எடுத்தது வாழைச்சேனைப் போட்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்த இரண்டு பேர் ஒரே விசயத்தை எழுதினார்கள். வாங்கி ஆறு மாதத்தில் போட்டின் உள் அடியில் ஊசி குத்தினது மாதிரிக் குழிகள். என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேரும் வீச்சுவலையை ஈரத்தோடு அப்படியே போட்டுக்குள் விட்டிருக்கிறார்கள். வலையின் ஈயமும் உப்புத் தண்ணீரும் அலுமினியமும் சேர்ந்தால் பற்றரி மாதிரி வேலை செய்யும், அரிபடுவது அலுமினியம்தான். செம்புக் கம்பி, பித்தளை ஆணி, பழைய செப்புக் காசு எல்லாம் இதே கணக்கு. செம்பு கலந்த அடிப்பூச்சையும் அலுமினியத்துக்கு அடிக்கக் கூடாது. நான் வலையைப் பிளாஸ்டிக் பேசினுக்குள் வைக்கிறேன். கரைக்கு வந்ததும் அடித் தக்கையைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீர் நாலு வாளி ஊற்றுகிறேன்.

இன்னொரு தம்பி அனோட் (போட்டுக்குப் பதிலாகத் தான் அரிபடுகிற உலோகத் துண்டு) எது போடுவது என்று கேட்டிருந்தார். உப்பும் நன்னீரும் கலக்கிற எங்கள் வாவிக்கு அலுமினிய அனோட் நல்லது. மக்னீசியம் நன்னீருக்கானது, இங்கே சீக்கிரம் கரைந்து போய்விடும். போட்டுக்கு நிறம் அடிக்கும்போது அனோட்டின்மேல் மட்டும் பூச்சு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி. பூச்சு மூடினால் அது வேலை செய்யாது.