பேச்சு அறுபடாமல் விண்டோஸை மறுபடி போடுவது எப்படி

கணினி தவழ ஆரம்பித்தால் தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ ஏதாவது ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். திரும்பி வரும்போது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான என்விடிஏ அதில் இருப்பதில்லை. டி டிரைவில் வைத்திருந்த பாடக்குறிப்புகளும் பல சமயம் போயிருக்கும். பார்வையற்றவர் தன் வீட்டிலேயே உட்கார்ந்து செய்து முடிக்கக்கூடிய வேலை இது. எந்த வழியில் பேச்சு அதிக தூரம் கூடவே வருகிறதோ, அந்த வழியில் போக வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நாளைப் பாருங்கள். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே செய்தித்தாளில் போட்டுவிடுகிறார்கள். அந்த நாளைத் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அந்த மாதங்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பாதியில் கரன்ட் போனால் விண்டோஸ் எழும்பாத நிலைக்குப் போகலாம்; அதன்பின் வரும் திரைகளில் பேச்சுக்கு உத்தரவாதம் இல்லை. லேப்டாப் என்றால் முழு சார்ஜ் ஏற்றி, சார்ஜரையும் செருகியே வையுங்கள்.

இனி தயாரிப்பு. பாதி வேலை இதில்தான் இருக்கிறது. ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, இரண்டு மூன்றைத் திறந்து பார்த்த பிறகு அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். அடுத்து ஒரு பென்டிரைவ். என்விடிஏ விசையோடு என் அழுத்தி மெனுவைத் திறந்து, டூல்ஸில் ‘கிரியேட் போர்ட்டபிள் காப்பி’ கொடுங்கள். கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் என்விடிஏ நகல் இது. அங்கே இப்போதைய அமைப்புகளையும் சேர்த்து நகலெடுக்கும் கட்டத்தை டிக் செய்தால் உங்கள் பேச்சு வேகம், ஆட்-ஆன், உச்சரிப்பு அகராதி எல்லாம் கூடவே வரும். அதே பென்டிரைவில் கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான ஆடியோ டிரைவர், வைஃபை டிரைவர் இரண்டையும் இறக்கி வையுங்கள்.

பலர் மறந்துவிடுவது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. புதிய லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். 48 இலக்க மீட்பு எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து, கைபேசியில் சேமித்துவிடுங்கள். இடையில் அந்த எண் கேட்கப்பட்டால், அது இல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

விண்டோஸ் இன்னும் எழும்புகிறது என்றால், உள்ளிருந்தே அதை மறுபடி போடும் ரீசெட் போதும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போய் ‘ரீசெட் பிசி’. விண்டோஸ் 10-இல் ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’க்குள் ரெக்கவரி இருக்கிறது. இந்த இடத்தில் கணினியில் நிறுவிய என்விடிஏவையே பயன்படுத்துங்கள். போர்ட்டபிள் காப்பி, நிர்வாகி உரிமையோடு திறக்கும் ஜன்னல்களைப் படிக்காமல் ஊமையாகிவிடும். ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்றால் உங்கள் ஃபைல்கள் தங்கும், ஆனால் புரோகிராம்கள் போய்விடும், என்விடிஏ உட்பட. ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்றால் எல்லாமே போகும். அதைத் தேர்ந்தால் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ உள்ளே போய், எல்லா டிரைவிலும் அழிக்கட்டுமா என்ற கேள்வி வந்தால் ‘நோ’ என்று இருப்பதைக் காதால் கேட்டு உறுதி செய்யுங்கள். டி டிரைவ் தனி டிஸ்க்காக இருக்கும் கணினிகளில் இழப்பு இந்த ஒரு ஸ்விட்சில்தான் நடக்கிறது.

‘கிளவுட் டவுன்லோடா, லோக்கலா’ என்றும் கேட்கும்; விண்டோஸை இணையத்திலிருந்து இறக்கட்டுமா, கணினியில் இருப்பதையே எடுக்கட்டுமா என்று பொருள். கிளவுட் 4 ஜிபிக்கு மேல் தின்னும். தினம் 1.5 ஜிபி தரும் கைபேசி பேக்கை நம்பி அதில் இறங்க வேண்டாம். லோக்கல் போதும். ஆனால் விண்டோஸ் ஃபைல்களே கெட்டுப்போயிருந்தால் லோக்கலும் தோற்கும். அப்போது ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் விண்டோஸ் நிறுவலுக்கான ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி வந்து, விண்டோஸுக்குள் அதன் மேல் என்டர் அடியுங்கள். ஒரு டிரைவாகத் திறக்கும். உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டினால் முதல் ரீஸ்டார்ட் வரைக்கும் என்விடிஏ கூடவே பேசும்.

ரீஸ்டார்ட் ஆனதும் மௌனம். அரை மணியும் ஆகலாம், பழைய ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியும் போகலாம். நடுவில் பவர் பட்டனைத் தொடாதீர்கள். கூகுள் லுக்அவுட், பி மை ஐஸ் போன்ற செயலியில் கேமராவைத் திரைக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் எத்தனை சதவீதம் என்று படித்துச் சொல்லும்.

சதவீத ஓட்டம் முடிந்ததாகத் தோன்றினால் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து ஒரு முறை அழுத்துங்கள். விண்டோஸோடே வரும் திரைபடிப்பானான நேரேட்டர் எழும். ஒரு முறைதான்! அது ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே விசை. பொறுமையில்லாமல் இரண்டாம் முறை தட்டினால், எழும்பிக்கொண்டிருந்த பேச்சை நீங்களே அணைத்துவிடுவீர்கள். அரை நிமிடம் காத்திருங்கள். அப்போதும் சத்தமில்லை என்றால் யூஎஸ்பி ஹெட்செட்டைச் செருகிப் பாருங்கள், அதற்குப் பெரும்பாலும் தனி டிரைவர் வேண்டியதில்லை. புளூடூத் ஹெட்போன் இங்கே உதவாது. மானிட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிளில் இருந்தால் சத்தம் அங்கே போய்க்கொண்டிருக்கலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

நாடு, விசைப்பலகை, நெட்வொர்க் என்று வரிசையாகக் கேட்கும். டேப், அம்புக்குறி, என்டர் போதும். பட்டியலில் வைஃபை ஒன்றுமே இல்லை என்றால் டிரைவர் இல்லை என்று பொருள். ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்பில் ‘யூஎஸ்பி டெதரிங்’ போடுங்கள், கம்பி இணைப்பு போலவே ஏற்றுக்கொள்ளும்.

விண்டோஸ் எழும்பவே இல்லை என்றால் வேறு கணினியில் குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் மீடியா செய்ய வேண்டும். அந்த நிறுவல் திரையிலும் நேரேட்டர் உண்டு, அதே மூன்று விசைதான். ஆனால் ஒலி டிரைவர் பொருந்தாவிட்டால் பேசாது, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரை பேசவே பேசாது. டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் பார்ட்டிஷன் பட்டியல் வரும் இடத்தில் ஊகித்து எதையும் அழிக்காதீர்கள். பேச்சு இல்லையென்றால் அந்த ஒரு திரைக்கு மட்டும் நம்பிக்கையானவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வரிசையை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, நீங்களே விசையை அழுத்துங்கள்.

டெஸ்க்டாப் வந்ததும் பென்டிரைவின் போர்ட்டபிள் என்விடிஏவைத் திறந்து, டூல்ஸில் ‘இன்ஸ்டால் என்விடிஏ’. போர்ட்டபிள் அமைப்புகளை உங்கள் கணக்குக்கு நகலெடுக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். நேரேட்டரை அதே மூன்று விசையில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று பேசும்.

தமிழுக்கு, செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்க்கும்போது ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ கட்டத்தையும் டிக் செய்யுங்கள். பிறகு என்விடிஏ, கன்ட்ரோல், எஸ் அழுத்தி ‘விண்டோஸ் ஒன்கோர்’ தேர்ந்தால், குரல் பட்டியலில் வள்ளுவர் என்ற பெயரில் தமிழ்க் குரல் இருக்கும். ஆங்கில மெனுக்களை வேகமாகக் கேட்க, என்விடிஏவோடே வரும் ஈஸ்பீக் குரலே தோதானது.

லைசென்ஸ் சாவி கேட்டால் ‘ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ’ கொடுத்துத் தாண்டலாம். ஏற்கெனவே முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த அதே கணினி, அதே எடிஷன் என்றால், இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஹோம் இருந்த இடத்தில் ப்ரோ போட்டால் ஆகாது. ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட்டில் எடிஷன் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.