வண்டி இல்லாமல் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும்: பலரும் செய்யும் தவறுகள்

தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ மாற்றலாகி வந்தால் முதல் வாரத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: "இன்னும் வண்டி வாங்கலியா சார்?" கார் இல்லாததை இங்கே யாரும் கண்டுகொள்வதில்லை. டூ வீலரும் இல்லை என்றால்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் காலையும் பஸ்ஸையும் நம்பியே காலம் தள்ளுகிறவர்கள் இரண்டு ஊரிலும் ஏராளம். வயதானவர்கள், ஓட்டப் பயப்படுகிறவர்கள், தவணை கட்ட விருப்பமில்லாதவர்கள், வண்டியைக் கணவரோ மகனோ எடுத்துக்கொண்டு போய்விடும் வீட்டுப் பெண்கள் என்று பல வகை.

அவர்களில் சிலருக்கு வாழ்க்கை சுலபமாக ஓடுகிறது, சிலர் நாய் படாத பாடு படுகிறார்கள். கால் பலத்தை வைத்து இந்த வித்தியாசம் வருவதில்லை. வண்டி வைத்திருப்பவர் போடும் கணக்கை அப்படியே வாங்கிக்கொண்டு வீடு பார்ப்பது, பஸ் ஏறுவது, ரோட்டைக் கடப்பது, சாமான் வாங்குவது என்று இருந்தால் சிரமம்தான். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கிலிருந்து வருபவை.

தூரத்தை மட்டும் பார்த்து வீடு பிடிப்பது

"பஸ் ஸ்டாண்டுல இருந்து ரெண்டே கிலோமீட்டர் சார், அஞ்சு நிமிஷம்" என்பார் வீட்டு புரோக்கர். பொய் சொல்லவில்லை, அவர் பைக்கில் வந்தவர். நடந்தால் அரை மணி நேரம். அதிலும் கடைசி அரை கிலோமீட்டர், பாதி மனை விற்றுப் பாதி முள் முளைத்துக் கிடக்கும் லேஅவுட்டாக இருந்தால் தெருவிளக்கும் இருக்காது.

இதைவிட ஊருக்கு வெளியே நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, பஸ் ஓடும் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு பல மடங்கு தேவலை. தருமபுரியில் சேலம் ரோட்டையோ பென்னாகரம் ரோட்டையோ ஒட்டி இருந்தால் நின்ற இடத்தில் ஏதாவது ஒரு பஸ் வரும். கலெக்டர் ஆபீஸ் சேலம் ரோட்டில் ஊரைத் தாண்டித்தான் இருக்கிறது, ஆனாலும் போய்வருவது சிரமமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருப்பது தருமபுரிக்காரர்களின் அதிர்ஷ்டம்.

கிருஷ்ணகிரியில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கலெக்டர் ஆபீஸ் நெடுஞ்சாலைப் பக்கம், ஊருக்கு வெளியே. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி போலுப்பள்ளியில், அதுவும் ஊரைவிட்டு வெளியேதான். புதுக் கட்டடம் கட்ட ஊருக்குள் இடம் கிடைக்காதது உண்மைதான். அங்கே போகிற நோயாளி எப்படிப் போவார் என்று யோசித்துக் கட்டியது மாதிரி மட்டும் தெரியவில்லை. வீட்டில் கர்ப்பிணியோ மாதாமாதம் செக்கப் போகிற பெரியவரோ இருந்தால் பழையபேட்டையில் வாடகை குறைவு என்று முடிவெடுக்காமல், முதலில் மருத்துவமனைக்கு எந்த பஸ், எங்கே ஏறுவது, திரும்பி வர எத்தனை மணி வரை கிடைக்கும் என்று விசாரியுங்கள்.

வீடு பிடித்துப்போனாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை பஸ்ஸில் வந்து இறங்கி, அந்த வீடு வரை நடந்து பாருங்கள். நிழற்குடை ஓரிடத்தில் இருக்கும், பஸ் நிற்பது நூறடி தள்ளி டீக்கடை முன்னால் இருக்கும். அதெல்லாம் பகலில் புரோக்கரோடு போனால் தெரியாது.

கடைசி பஸ்ஸைக் கேட்காமல் இருப்பது

முதல் பஸ் எப்போது என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்க வேண்டியது கடைசி பஸ்ஸை. கிராமத்து ரூட்டுகளில் ராத்திரி கடைசியாக வருகிற டவுன் பஸ் பெரும்பாலும் ஹால்ட் வண்டி. டிரைவரும் கண்டக்டரும் அந்த ஊரிலேயே படுத்துவிட்டு விடிகாலை முதல் டிரிப்பாக அதையே எடுப்பார்கள். கோயில் முன்னாலோ பள்ளிக்கூடச் சுவர் ஓரமோ பஸ் நிற்கும். உள்ளே சீட்டின் மேல் போர்வை விரித்திருக்கும். எதிர்வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி வைத்திருப்பார்கள். அந்தக் கண்டக்டரோடு முகப்பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "நாளைக்கு வண்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கப் போகுதுக்கா, ஏழரை டிரிப் கிடையாது, நீங்க மெயின் ரோட்டுக்கு வந்துடுங்க" என்கிற தகவல் எந்த ஆப்பிலும் வராது, அவர் வாயிலிருந்துதான் வரும்.

விசேஷ நாட்களையும் காலண்டரில் பார்த்து வையுங்கள். ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் பக்கம் போகிற கூட்டம் எல்லா பஸ்ஸையும் நிரப்பிவிடும். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் கூட்டம். முகூர்த்த நாளில் பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக ஏறுகிறவர்களுக்கு நடுவில் ஆபீஸ் பையோடு நிற்க வேண்டியதுதான்.

"தர்மபுரி போகுமா?" என்று மட்டும் கேட்பது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியிலோ அத்திப்பள்ளியிலோ நின்றவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். சேலம், மதுரை, கோயம்புத்தூர் போர்டு போட்ட பஸ் வருகிறது. ஓடிப்போய்க் கேட்கிறோம்.

"தர்மபுரி போகுமாண்ணா?"

"ஏறுங்க, ஏறுங்க, போகும்."

போகும்தான். ஆனால் ஊருக்குள் அல்ல. பைபாஸில், லாரி போகிற சத்தத்துக்கு நடுவே, நள்ளிரவில் இறக்கிவிட்டுப் போய்விடும். வண்டி வைத்திருப்பவருக்கு அங்கே தம்பியோ நண்பனோ பைக்கோடு நிற்பான். நமக்கு யார் வருவார்? ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "பஸ் ஸ்டாண்டு உள்ள போகுமா, இல்ல பைபாஸ்லயே எறக்கி விடுவீங்களா?" டிக்கெட் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். கிருஷ்ணகிரிக்கும் இதே கதை. டோல்கேட்டிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் இறங்கி நிற்பவர்களை எந்த ராத்திரியிலும் பார்க்கலாம். ராத்திரிப் பயணம் என்றால் ஊருக்குள் வரும் வண்டிக்காக அரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருப்பதே மேல்.

ரயில் விஷயத்தில் வெளியூர்க்காரர்கள் இன்னும் மோசமாக ஏமாறுகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம், நெடுஞ்சாலைகள் பல கூடுமிடம், ஆனால் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு சிறு ரயில் வந்துகொண்டிருந்தது. சுதந்திரத்துக்கு முன்பே நின்றுபோனது. இப்போது ஓசூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ்ஸில் போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். தருமபுரியில் ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் அது சேலம்–பெங்களூரு பாதை. பெங்களூருக்குப் போக எர்ணாகுளம் இன்டர்சிட்டி உண்டு, கோவை–பெங்களூரு வந்தே பாரத்தும் நிற்கிறது. சென்னை ரயில் வேண்டுமென்றால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி மொரப்பூர் போக வேண்டும். மொரப்பூர்–தருமபுரி இணைப்புப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதை நம்பி டிக்கெட் போட முடியாது. சென்னையிலிருந்து திரும்பும்போது ரயில் எத்தனை மணிக்கு மொரப்பூர் வருகிறது என்பதைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். பஸ் நின்றுபோன பிறகு இறங்கினால் ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம். விடியும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

நெடுஞ்சாலையைத் தெருவைப் போலக் கடப்பது

மற்ற தவறுகளுக்குப் பணமும் நேரமும் போகும், இதற்கு உயிர் போகும். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் என்று இரண்டு மாவட்டங்களையும் நெடுக வெட்டிக்கொண்டு போகிறது. வீடு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம் என்று பிரிந்த ஊர்கள் வழி நெடுக இருக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு வழிச் சாலையில் ஒரு பக்கத்து அகலம், ஓரத்தையும் சேர்த்து, சுமார் 9 மீட்டர். கையில் பையோடு, குழந்தையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நொடிக்கு ஒரு மீட்டர்தான் போகும். ஆக 9 நொடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அந்த 9 நொடியில் 200 மீட்டர் ஓடிவிடும். காலெடுத்து வைக்கும்போது வண்டி 200 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான், அது பிரேக் போடாமலேயே நாம் தப்பிப்போம். 200 மீட்டருக்கு அப்பால் வருகிற காரின் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது, ஏதோ நின்றுகொண்டிருப்பது போலத்தான் தெரியும். 'தூரத்துலதான வருது' என்று இறங்குகிறவர்கள் மாட்டுவது இப்படித்தான்.

சென்டர் மீடியனில் யாரோ கம்பியை வளைத்து வழி பண்ணியிருப்பார்கள். அதில் நுழையாதீர்கள். பாலத்துக்கு அடியில் வழி இருந்தால் கால் கிலோமீட்டர் சுற்றானாலும் அதில் போங்கள். நடைபாதை இல்லாத ரோட்டில் நடக்கும்போது வலது ஓரம் பிடித்து, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வருகிற வண்டியிடமிருந்து விலக நமக்கு நேரமே கிடைக்காது. சர்வீஸ் ரோட்டில் ஒருவழிதானே என்று ஒரு பக்கம் மட்டும் பார்க்கக் கூடாது. ராங் சைடில் வருகிற டூ வீலர் நம் ஊர்ச் சட்டம் ஆகிவிட்டது. கிருஷ்ணகிரி ஐந்து ரோடு ரவுண்டானாவில் கால் மணி நேரம் நின்றால் எத்தனை திசையிலிருந்தும் வண்டி வரும் என்று புரிந்துவிடும்.

சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது மணி வரைதான் விபத்துகள் மிக அதிகம் நடக்கிற நேரம். வேலை முடிந்து நாம் இறங்குவதும் அப்போதுதான். வெளிர் நிறச் சட்டை, கையில் எரிகிற செல்போன் டார்ச், இரண்டும் போதும். காதில் இயர்போன் மட்டும் வேண்டாம்.

நெடுஞ்சாலைக்குப் பயந்து சிலர் தண்டவாளத்தில் நடக்கிறார்கள். ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி அது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மின்சார இன்ஜின் வருகிற சத்தம் கேட்காது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சின்னச் சின்னதாக இன்னும் சில

எல்லா அரசு பஸ்ஸிலும் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று நினைத்து வெளியூர் போகும் மொபசல் பஸ்ஸில் ஏறிவிட்டு வாக்குவாதம் செய்வதைப் பார்க்கிறோம். 2021 மே மாதம் வந்த அந்தச் சலுகை சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். தனியார் பஸ்ஸுக்குக் கிடையாது, எக்ஸ்பிரஸுக்கும் கிடையாது. இண்டூர், நல்லம்பள்ளி பக்கம் தினமும் போய்வருகிறவர் டவுன் பஸ் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டால் மாதம் ஒரு தொகை மிச்சம். இலவசம்தான் என்றாலும் கண்டக்டர் கொடுக்கும் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதச் சாமானை ஒரே நாளில் வாங்குவது கார் வைத்திருப்பவர் பழக்கம். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி என்று இரண்டு பை நிறைய வாங்கிவிட்டு, ஆட்டோவுக்குக் கொடுக்கும்போது தள்ளுபடி கரைந்துவிடும். அரிசி மூட்டையும் எண்ணெயும் தெரு மளிகைக்கடையில் சொன்னால் பையன் சைக்கிளில் கொண்டுவந்து போட்டுவிடுவான். காய்கறிக்குக் காலையிலேயே உழவர் சந்தை. நடந்துபோய் ஒரு பை, அவ்வளவுதான். கூடுதல் ஆசை வேண்டாம். மாம்பழ சீசனில் மட்டும் யாருக்கும் இந்த அறிவுரை ஏறாது.

சித்திரை, வைகாசியில் பதினொன்றிலிருந்து மூன்று வரை நடையைத் தவிர்த்துவிடுங்கள். சாலை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டிய பிறகு நிழல் தேடித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி நாய்த் தொல்லை இருக்கிற தெருவில் ஓடாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

அடுத்தவர் பைக்கை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்வது இன்னொன்று. ஆபீஸ் நண்பர் தினமும் ஏற்றிக்கொண்டு போவார் என்று பஸ் இல்லாத இடத்தில் வீடு பிடிப்பார்கள். அவருக்கு மாற்றல் வந்தால் போச்சு. எப்போதாவது லிஃப்ட் வாங்கலாம், ஆனால் சொந்தமாக ஒரு ஹெல்மெட் வாங்கி வையுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம், போடாவிட்டால் ஆயிரம் ரூபாய். தினசரி என்றால் பெட்ரோலுக்குக் கொடுத்துவிடுவது மரியாதை.

ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வீட்டைத் தேடுவதற்கு முன்னாலேயே கம்பெனி பஸ் எந்த ஸ்டாப்பில் ஏற்றும், செகண்ட் ஷிப்ட் முடிந்து ராத்திரி எந்த ஸ்டாப்பில் இறக்கிவிடும் என்று கேட்டுவிட வேண்டும். இரண்டும் ஒரே இடமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். காலையில் ஊருக்குள் வந்து ஏற்றுகிற பஸ், ராத்திரி பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போவதுண்டு. மாதச் சம்பளத்தைக் கேட்கிற அன்றைக்கே ஹெச்.ஆரிடம் இதையும் கேளுங்கள்.