தேர்தல் பிரசார வேலைக்குப் போகணுமா? காலேஜிலேயே தொடங்குங்கள்

முதலில் ஒரு வேலை சொல்கிறேன். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20 இருக்கும். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற கணக்கு. உங்கள் ஊர் ராமநாதபுரமோ திருவாடானையோ முதுகுளத்தூரோ பரமக்குடியோ, அந்தத் தொகுதியின் 2016, 2021 கணக்கை இறக்கி எக்ஸலில் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். பூத் எண் மாறியிருக்கும், ஒரு பூத் இரண்டாகப் பிரிந்திருக்கும், இதையெல்லாம் உட்கார்ந்து சரிபண்ணுவதற்குள் கண் வலித்துவிடும், ஆனால் பிரசார அலுவலகத்தில் புதுப்பையனிடம் முதலில் தள்ளிவிடுகிற வேலை பெரும்பாலும் இதுதான். கடைசி வருடப் புராஜெக்ட்டை ஜெராக்ஸ் கடையில் வாங்கி ஸ்பைரல் போட்டுக் கொடுக்காமல் இதையே செய்யுங்கள்.

எந்த டிகிரி என்று கேட்பீர்கள். அரசியல் அறிவியல்தான் வேண்டும் என்றில்லை. புள்ளியியல் படித்தவருக்கு சர்வே வேலை, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்தவருக்கு வீடியோ, போஸ்டர். பி.காம் படித்தவர்களை யாரும் நினைப்பதே இல்லை, என்னைக் கேட்டால் அவர்கள்தான் முதலில் தேவை. 2022-இல் உயர்த்திய உச்சவரம்புப்படி சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம், மக்களவை வேட்பாளர் 95 லட்சம் வரைதான் செலவு செய்யலாம். தனி வங்கிக் கணக்கு வேண்டும், ரிசல்ட் வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் 3 வருடம் தேர்தலில் நிற்க முடியாமல் போகலாம். டீக்கடை பில்லைக்கூடத் தேதி போட்டு வைக்கத் தெரிந்த ஆளை வேட்பாளர் விடவே மாட்டார்.

விஸ்காம் பசங்களுக்கு ஒரு பாடம் நம் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியிலேயே இருக்கிறது. 2024-இல் ஓ.பன்னீர்செல்வம் இங்கே சுயேச்சையாக நின்றார், பலாப்பழம் சின்னம். அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். சுமார் மூன்றே வாரத்தில் ஒரு புதுச் சின்னத்தை ஆறு சட்டமன்றத் தொகுதி மக்களின் மனதில் பதிய வைக்க வேண்டும், பெயரைப் பார்த்துக் குழம்பவும் விடக்கூடாது. ஜெயிக்கவில்லை, ஆனால் 3 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி இரண்டாவது வந்தார். கட்சி பிடிக்குமா பிடிக்காதா என்பதை ஓரமாக வைத்துவிட்டு, எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள்.

அப்புறம் களம். என்.எஸ்.எஸ். முகாமுக்குச் சான்றிதழுக்காகப் போகாதீர்கள், தெரியாத வீட்டு வாசலில் நின்று பேசப் பழகப் போங்கள். நான் இதில் சொதப்பியவன். 2021 சட்டமன்றத் தேர்தலுக்காகப் பாம்பன் பக்கம் ஓர் ஊருக்குக் காலை பத்து மணிக்கு சர்வே ஆட்களை அனுப்பினேன். அன்றைக்கு விசைப்படகு போகிற நாள், ஆண்கள் எல்லாம் படகுத்துறையில், பெண்கள் பாசி எடுக்கக் கடலுக்குள். வீடுகளில் பாட்டிகள் மட்டும், அத்தனை பேரும் சொன்னது ஒரே பதில்: "மகன் வரட்டும்பா, கேட்டுச் சொல்றேன்." அந்தத் தேர்தல் ஏப்ரல் 6-இல் முடிந்துவிட்டது, 2024-இல் ஏப்ரல் 19. நடுவில் ஏப்ரல் 15 வருகிறது பாருங்கள், அன்றைக்கு விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் தொடங்கும், படகெல்லாம் கரையில். யார் எப்போது வீட்டில் இருப்பார் என்று இந்தத் தேதியை வைத்தே அட்டவணை போட வேண்டும், அதை வெளியூரிலிருந்து லேப்டாப்போடு வருகிறவர் சொல்லித்தர மாட்டார்.

கீழக்கரை வேறு கணக்கு. வளைகுடாவில் இருக்கிற மச்சான் படிவம் 6ஏ கொடுத்து வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியலாம், ஆனால் ஓட்டுப் போட பாஸ்போர்ட்டோடு ஊருக்கு நேரில் வரணும். பெயர் சேர்க்க படிவம் 6, நீக்க 7, திருத்த 8. இந்த எண்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

சம்பள விஷயம். தேர்தல் முடிந்தால் வேலையும் முடிந்தது, அதனால் டிகிரியை அரியர் இல்லாமல் முடித்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். சேரும்போதே மாதாமாதம் என்று பேசிவிடுங்கள். "ரிசல்ட் வரட்டும் தம்பி, மொத்தமா செட்டில் பண்றேன்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ரிசல்ட் வந்தது, தோற்றுப்போனார், மறுநாள் காலையில் போனால் ஆபீஸ் வாசலில் பூட்டு தொங்கியது, வாடகை நாற்காலியைத் திரும்ப எடுக்க வந்த பந்தல்காரரும் நானும்தான் நின்றுகொண்டிருந்தோம்.