சாய்கூரைக்கு உட்புறமாக வெப்பக்காப்பு: ஈரம் தங்கிவிடச் செய்யும் தவறுகள்

ஜெர்மனியில் பழைய ஓட்டுக்கூரை வீடொன்றை வாங்கும் குடும்பம், பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டுமென்று முதலில் கைவைப்பது பெரும்பாலும் கூரைக்கடியிலுள்ள மேல்தளத்தில்தான். கைமரங்களுக்கு இடையே கனிமக் கம்பளியை (கண்ணாடி அல்லது பாறை இழையாலான வெப்பக்காப்பை)ச் செருகி, ஒரு தாளை இழுத்துக் கட்டி, ஜிப்சம் பலகையால் மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். இரண்டாம் குளிர்காலத்தில் பலகை மூட்டுகளில் பழுப்புக் கறை தெரியும்போது எல்லோரும் கூரை ஓடுகளையே சந்தேகிக்கிறார்கள். ஆனால் மழை பெய்யும் நாட்களைவிட, வானம் தெளிந்து கடுங்குளிர் நிலவும் நாட்களில் கறை பரவினால், அந்த நீர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததல்ல. வீட்டுக்குள்ளிருந்து மேலே ஏறியது.

20 பாகை வெப்பமும் 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் கொண்ட காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8.6 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 9 பாகையளவுக்குக் குளிர்ந்தாலே பனிநிலையை, அதாவது நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையை, எட்டிவிடும். 0 பாகையில் அதனால் 4.8 கிராமுக்கு மேல் தாங்க முடியாது. எஞ்சியது முதலில் தொடும் குளிர்ந்த பரப்பில், அதாவது ஓட்டுக்குக் கீழுள்ள தாளிலோ பலகையிலோ கைமரத்தின் மேல்விளிம்பிலோ நீராகப் படிகிறது. குளியல், துணி உலர்த்தல், சோறும் இட்லியும் வேகும் அடுப்பு என்று நால்வர் வாழும் வீட்டில் நாளொன்றுக்கு 10 லிட்டர் அளவுக்கு நீராவி உண்டாகிறது. சூடான காற்று மேலே ஏறுவதால் வீட்டின் வேறெந்தப் பகுதியையும்விடக் கூரையே அதற்கு அதிகம் ஆட்படுகிறது.

ஆகவே மிகப் பெரிய தவறு, கம்பளியின் தடிமனைப் பற்றி மட்டும் சிந்தித்து, அறைப் பக்கம் வரும் ஆவித்தடுப்புத் தாளை ஓர் உபரிப் பொருளாக நடத்துவதே. கடைகளில் ‘டாம்ப்ஃப்பிரெம்ஸ’ என்று விற்கப்படும் அந்தத் தாள், ஆவி ஊடுருவுவதைக் குறைப்பதோடு காற்று புகாமல் தடுக்கும் அரணாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பணியே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மன் கட்டட வல்லுநர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஸ்டுட்கார்ட் அளவீடு ஒன்று இதைத் தெளிவாக்குகிறது: 14 செ.மீ. வெப்பக்காப்பு, உள்ளே 20 பாகை, வெளியே உறைநிலைக்குக் கீழே 10 பாகை என்ற நிலையில், குறையில்லாத தாள் வழியே சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு அரை கிராம் நீரே கடந்தது. ஆனால் 1 மீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரே ஒரு கீறல் வழியே, சிறிய காற்றழுத்த வேறுபாட்டிலேயே, 800 கிராம் சென்றது.

அந்தக் கீறல்கள் பரந்த பரப்பின் நடுவில் இருப்பதில்லை. தாள் சுவரைத் தொடும் ஓரம், குறுக்கு உத்தரம் தாளைத் துளைத்துச் செல்லும் இடம், புகைபோக்கியைச் சுற்றிய விளிம்பு, கூரைச் சன்னலின் சட்டம், மின்கம்பி நுழையும் துளை ஆகியவற்றில்தான் அவை ஒளிந்திருக்கின்றன. பொட்டலம் ஒட்டும் நாடாவால் இவற்றை ஒட்டுவதும், பூசாத செங்கல் சுவரில் தாளை நேரே ஒட்டுவதும் சில ஆண்டுகளில் விட்டுப்போகும் வேலைகள். அதற்கென்றே உள்ள ஒட்டுநாடாவையும் பசையையும் பயன்படுத்த வேண்டும். சுவரை அந்த ஓரத்தில் முதலில் பூசிச் சமன்செய்ய வேண்டும். மின்பெட்டிகளுக்காகத் தாளை வெட்டுவதற்குப் பதிலாக, அதன் மேல் 4 முதல் 6 செ.மீ. மரச்சட்டம் அடித்து, கம்பிகளை அந்த இடைவெளியில் ஓட விடலாம். ஜிப்சம் பலகை ஏறுவதற்கு முன்பே, கதவில் விசிறி பொருத்தி 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் கசிவைத் தேடிப் பார்த்துவிட வேண்டும். அந்நிலையில் ஒரு துண்டு நாடாவால் சரியாவது, பிறகு பலகையைப் பெயர்க்க வைக்கும்.

நேரெதிரான தவறும் உண்டு. பழைய கூரைகள் பலவற்றில் ஓட்டுக்கடியில் தார்த்தாளோ ஆவி கடக்காத பிளாஸ்டிக் தாளோ இருக்கும். அதைக் கவனியாமல் கைமரத்தின் ஆழம் முழுவதும் கம்பளியை அடைத்து, உட்புறத்தையும் தடித்த பாலிதீனால் மூடினால், இரு பக்கமும் வழியற்று நடுவிலுள்ள மரம் தன் ஈரத்தைத் தானே சுமக்கும். இத்தகைய கூரையில், மேல்தாளுக்கும் கம்பளிக்கும் இடையே குறைந்தது 2 செ.மீ. காற்றிடைவெளியை இறவாரத்திலிருந்து முகடு வரை தடையின்றி விட்டு, இரு முனைகளையும் திறந்து வைக்க வேண்டும். அழுத்திச் செருகிய கம்பளி உப்பி இந்த இடைவெளியை அடைத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மேல்தாள் ஆவியை வெளியேவிடும் வகையாக இருந்தால் மட்டுமே முழு ஆழத்தையும் நிரப்பலாம்.

ஈரத்துக்கேற்ப இயல்பு மாறும் தாள்கள் இங்கே பெரிதும் உதவுகின்றன. குளிர்காலத்தில் இறுகி ஆவியைத் தடுக்கும் அவை, கோடையில் இளகி மரத்தை அறைப் பக்கமாக உலரவிடுகின்றன. ஆனால் அவற்றின் மேல் வினைல் சுவர்த்தாள் போன்ற ஆவி கடக்காத மேற்பூச்சு போட்டால் அந்தப் பயன் போய்விடும்.

ஜெர்மனியின் கட்டட ஆற்றல் சட்டம் கேட்கும் 0.24 என்ற யு மதிப்புக்காக (கூரை வழியே எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்பதன் அளவு; குறைவாக இருந்தால் நல்லது) சிலர் காற்றிடைவெளியையே தின்றுவிடுகிறார்கள். அது தேவையற்றது. கட்டமைப்பு காரணமாகத் தடிமன் வரம்புக்குட்பட்டிருந்தால், குறிப்பிட்ட தரப் பொருளை இயன்ற அளவு தடிமனில் இட்டாலே போதுமெனச் சட்டம் ஏற்கிறது. கைமரத்துக்குக் கீழே குறுக்கு மரச்சட்டம் அடித்து இன்னோர் அடுக்கும் சேர்க்கலாம்.

வேலையின் வரிசையும் முக்கியம். நவம்பரில் கம்பளியைச் செருகிவிட்டுத் தாளை அடுத்த மாதம் பார்ப்போம் என்று விடுவது, அதே வாரங்களில் கீழே ஈரச் சாந்து பூசுவது, 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள மரத்தை அப்படியே மூடுவது ஆகிய மூன்றும் கூரைக்குள் நீரை நாமே ஊற்றுவதற்குச் சமம். பழைய கம்பளியைப் பிரிப்பதிலும் கவனம் தேவை: 2000 ஜூனுக்கு முன் இட்டவற்றின் நுண்ணிழைகள் உடல்நலத்துக்குக் கேடானவையாக இருக்கக்கூடும் என்பதால், முகக்கவசமும் மூடிய பைகளும் இன்றித் தொடக்கூடாது.

அறையின் உட்கூரைக்கு மேலே, முகட்டுக்கடியில் எஞ்சும் சூடாக்கப்படாத சிறு பரண் பலர் கண்ணில் படுவதே இல்லை. அதற்கு ஏறும் மடிப்பு ஏணியின் மூடியில் இறுக்கமான ரப்பர் விளிம்பு இல்லையென்றால், அறையின் ஈரக்காற்று அதன் வழியே எழுந்து குளிர்ந்த பலகைகளில் படியும். ஜனவரியில் ஒருமுறை கைவிளக்குடன் ஏறி, வடக்குச் சரிவின் பலகைகளில் கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.